கருவியின் புகழும் கையின் பயிற்சியும்

பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர் சிவகாசி. நாட்காட்டி முதல் சுவரொட்டி வரை நம் கண்ணில் படும் அச்சுத் தாள்களில் மருத்துவமனை விளம்பரங்களும் உண்டு. சிறுநீரகக் கல்லுக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் ‘தழும்பில்லாச் சிகிச்சை’, ‘லேசர் சிகிச்சை’, ‘மறுநாளே வீடு திரும்பலாம்’ என்று கொட்டை எழுத்தில் அறிவிக்கும் விளம்பரங்களை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். கருவியின் பெயர் அவற்றில் தவறாமல் இருக்கும். கருவியை இயக்கும் கை யாரிடம், எத்தனை காலம் பழகியது என்ற செய்தி இராது. அறிவியல் கட்டுரைகளும் பெரும்பாலும் இதே வழியில்தான் செல்கின்றன. இக்குறையை இங்கு ஆராய்வோம்.

விருதுநகர் மாவட்டத்துக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. வெயிலில் வியர்வையாக நீர் வெளியேறி, அதற்கு ஈடாக நீர் பருகாவிட்டால் சிறுநீர் அடர்த்தியாகிறது. அதிலுள்ள உப்புகள் படிகமாகிக் கல்லாகின்றன. நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்யும் தொழிலாளிக்குக் கல்லடைப்பு வந்தால், நகையை அடகு வைத்துத்தான் சிகிச்சைக்குச் செல்ல வேண்டிய நிலை பல வீடுகளில் உள்ளது. அந்தப் பணத்துக்கு அவர் வாங்குவது என்ன?

கருவிகளின் வரலாறு வியப்புக்குரியதே. 1879-இல் மாக்ஸ் நிட்சே வியன்னாவில் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் காணும் அகநோக்கியைச் செய்துகாட்டினார். 1976-இல் சுவீடனைச் சேர்ந்த ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் இருவரும் முதுகுப் பக்கம் சிறு துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுக்கும் முறையை வெளியிட்டனர். 1980-இல் மியூனிக் நகரில் கிறிஸ்டியான் ஷௌசி குழுவினர் உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையைக் குவித்துக் கல்லை உடைத்தனர். 1990-இல் அமெரிக்காவில் ரால்ஃப் கிளேமன் குழுவினர் நுண்துளை வழியாக ஒரு சிறுநீரகத்தையே அகற்றினர்.

ஆனால் துளை சிறிதானதும் அறுவை மருத்துவரின் வேலையும் எளிதாகிவிட்டதா? இல்லை. பள்ளி இயற்பியலைக் கொண்டே இதை விளக்கலாம். வயிற்றுத் துளை வழியே செல்லும் நீண்ட கருவி ஒரு நெம்புகோல். துளையே அதன் ஆதாரப் புள்ளி. ஆகவே கை இடப்புறம் சென்றால் கருவியின் நுனி வலப்புறம் செல்லும். கருவி உள்ளே போகப்போக நெம்புகோலின் புயங்களின் விகிதமும் மாறும். அதே கையசைவுக்கு நுனி கூடுதலாக நகரும். சாதாரண ஒற்றைக் காமிரா காட்டும் திரையோ தட்டையானது. ஆழத்தை மனமே ஊகிக்க வேண்டும். விரல் நேரே திசுவைத் தொடுவதில்லை என்பதால் தொடுவுணர்வும் மங்கிவிடுகிறது.

கல்லெடுக்கும்போது பார்வை தெளிய, உப்புநீரை உள்ளே பாய்ச்சுவார்கள். நீர்ப்பை 80 செ.மீ. உயரத்தில் தொங்கினால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 59 மி.மீ. பாதரசம். சிறுநீரில் கிருமி இருக்கும்போது அழுத்தம் மிகுந்தால், கிருமியும் நச்சும் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். லேசர் கதிரும் அவ்வாறே. ஹோல்மியம் லேசரின் அலைநீளம் சுமார் 2,100 நானோமீட்டர். இதை நீர் நன்கு உட்கவரும். திறனைக் கூட்டி, நீரோட்டத்தைக் குறைத்தால் சுற்றியுள்ள நீர் சூடாகித் திசு வெந்துபோகும். இவற்றையெல்லாம் கணத்துக்குக் கணம் கணிப்பது பயின்ற மனிதரே.

‘அனுபவமுள்ள அறுவை மருத்துவருக்கு இது தானே வந்துவிடாதா?’ என்று கேட்கலாம். இதற்கு விடை கூறும் ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. 29 மருத்துவர்கள் நுண்துளை வழியே புராஸ்டேட் புற்றுநோய்க்குச் செய்த 4,702 அறுவைகளை அது ஆராய்ந்தது. ஐந்தாண்டுக்குள் நோய் திரும்பும் விகிதம், முன்பு 10 அறுவை செய்தவரிடம் 17 சதவீதம். 250 செய்தவரிடம் 16. 750 செய்தவரிடம் 9. அதைவிட வியப்பு, திறந்த அறுவையில் முன்பே பழகியவர்களின் முடிவுகள், தொடக்கத்திலிருந்தே நுண்துளை முறையில் பயின்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்ததுதான். பழைய திறமை புதிய முறைக்குத் தானாக மாறி வருவதில்லை. தனிப் பயிற்சி தேவை.

அந்தத் தனிப் பயிற்சியே ‘ஃபெல்லோஷிப்’ எனப்படுகிறது. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். 3 ஆண்டு, சிறுநீரகவியல் எம்.சிஎச். 3 ஆண்டு, இவற்றுக்குப் பின் ஓராண்டோ ஈராண்டோ ஒரு தேர்ந்த ஆசானிடம் ஃபெல்லோவாக இருந்து பயில்வது முறை. ஆனால் ஒரு வாரத்துக்குள் முடியும் வகுப்புக்கும் இதே பெயரைச் சூட்டும் வழக்கம் உள்ளது. ஒருவர் ஒருமுறை கருவியைப் பிடித்திருப்பார். மற்றொருவர் நூற்றுக்கணக்கான அறுவைகளை ஆசான் முன்னிலையில் செய்திருப்பார். பெயர்ப்பலகையில் இருவருக்கும் ஒரே சொல். குறுகிய வகுப்பு வேண்டாம் என்பது என் வாதமன்று. அது ஓர் அறிமுகம். அறிமுகத்துக்குத் தேர்ச்சியின் பெயரைத் தருவதே தவறு.

சிவகாசிப் பகுதியில் ‘மருந்து’ என்றால் இரண்டு பொருள் உண்டு. வெடிமருந்தைக் கலக்கும் அறைக்குள் நேற்று வந்தவரை விட்டால் என்ன நேரும் என்பதை அவ்வூரார் அறிவர். அந்த எச்சரிக்கை மற்ற மருந்துக்கும் வேண்டும்.

இங்கு ஒரு கடினமான கேள்வி எழுகிறது. எந்த மருத்துவருக்கும் முதல் நோயாளி என்று ஒருவர் இருந்தே தீர வேண்டும். அவர் பெரும்பாலும் பணமில்லாதவராகவே அமைந்து, அங்கு தேறிய கை பின்னர் பணமுள்ளவருக்குப் பயன்பட்டால் அது நீதியாகுமா? கேள்வியை முழுதும் தீர்க்க இயலாது, ஆபத்தைக் குறைக்கலாம். 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களிடம் நடந்த சிறிய சோதனை இதற்கு வழிகாட்டுகிறது. கணிப்பொறி மாதிரியில் முன்பே பழகாதவர்கள், பழகியவர்களைவிட 5 மடங்கு அதிகமாகப் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ நேர்ந்தது. ஆகவே முதற்பிழைகள் மாதிரியிலும், காமிரா பொருத்திய பயிற்சிப் பெட்டியிலும், விலங்கின் சிறுநீரகத்திலும் நிகழட்டும். பின்னர் ஆசான் அருகில் நிற்க, அறுவையின் ஒரு பகுதி. அதன் பின்னரே முழு அறுவை.

இத்தகைய பயிற்சிக்கு மாநகரம்தான் வேண்டும் என்பதில்லை. குஜராத்தின் நடியாட் ஒரு மாவட்டத் தலைநகரம். 1978-இல் அங்கு தொடங்கிய முல்ஜிபாய் படேல் சிறுநீரக மருத்துவமனை, இத்துறையில் பயிற்சி தரும் நிலையமாகப் புகழ்பெற்றது. விருதுநகருக்கு அருகே மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பிற நாட்டு மருத்துவர்களுக்கும் பயிற்சி அளிக்கிறது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய நிலையில் அறுவைக் கலையைப் பயின்று தேறியவர் அவர். விருதுநகரிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரிய இயந்திரம் வாங்கும் திட்டம் வரும்போது, பயிற்சிப் பெட்டிக்கும் ஆசானுக்கும் எவ்வளவு ஒதுக்கப்படும் என்று நாம் கேட்க வேண்டும்.

ஃபெல்லோஷிப் சான்றிதழில் பயிற்சிக் காலம், தாமே செய்த அறுவைகளின் எண்ணிக்கை, ஆசானின் பெயர் ஆகிய மூன்றும் அச்சிடப்படுவது நல்லது. அதுவரை நோயாளியின் உறவினர் மருத்துவரிடம் மூன்று வினாக்களைப் பணிவோடு கேட்கலாம். இவ்வறுவையை எத்தனை முறை தாங்களே செய்திருக்கிறீர்கள்? யாரிடம், எவ்வளவு காலம் பயின்றீர்கள்? இடையில் சிக்கல் நேர்ந்தால் திறந்த அறுவைக்கு மாற என்ன ஏற்பாடு உள்ளது? நன்கு பயின்றவர் இக்கேள்விகளால் வருந்தமாட்டார். விடை சொல்ல அவரிடம் கணக்கு இருக்கும்.