தேத்தண்ணீருக்கு வந்த புலியும் நமது வெளிக்கிடல்களும்

லண்டனில் பிள்ளை வளர்க்கிற வீடுகளுக்கு ஜூடித் கெரின் புலி எப்படியோ வந்து சேர்ந்துவிடும். நூலகத்தில் இரவலாக வரும், சரிட்டிக் கடையில் 50 பென்சுக்கு வரும், யாரோ ஒருவரின் பிறந்தநாள் பரிசாக வரும். 1968இல் வெளியான ‘தி டைகர் ஹூ கேம் டு டீ’ என்ற இந்தப் படநூலை ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் எத்தனையோ தமிழ்த் தாய்மார் படுக்கையோரம் இருந்து வாசித்திருக்கிறார்கள். பலர் படத்தைக் காட்டித் தமிழில் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் படநூலை இலக்கியமாக எடுத்துப் பேசும் பழக்கம் நமக்குக் குறைவு. சிறுவர் நூல் என்றால் நல்லொழுக்கம் போதிக்கிறதா, தமிழ் எழுத்தைச் சரியாகப் பழக்குகிறதா என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறோம்.

கதை மிகச் சிறியது. சோஃபி என்ற சிறுமியும் தாயும் சமையலறையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கதவு மணி அடிக்கிறது. யாராக இருக்கும் என்று தாய் யோசிக்கிறாள். பால்காரன் காலையிலேயே வந்து போய்விட்டான். மளிகைக் கடைப் பையன் வரும் நாள் இதுவல்ல. அப்பாவிடம் திறப்பு இருக்கிறது. கதவைத் திறந்தால் பெரிய, ரோமம் அடர்ந்த புலி. மிக மரியாதையாகப் பசிக்கிறது என்கிறது. உள்ளே விடுகிறார்கள். மேசையில் இருந்த பணிஸ், பிஸ்கட், கேக், அடுப்பில் வெந்துகொண்டிருந்த இராச்சாப்பாடு, அலுமாரியில் இருந்தவை, அப்பாவின் பியர் என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரையும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் போய்விடுகிறது. சோஃபி குளிக்கவும் தண்ணீர் இல்லை. அப்பா வருகிறார். வெளியே போய்ச் சாப்பிடுவோம் என்கிறார். மூவரும் இருட்டில் நடந்து போய் ஒரு கஃபேயில் சொசேஜும் சிப்ஸும் ஐஸ்கிறீமும் சாப்பிடுகிறார்கள். மறுநாள் கடைக்குப் போய், புலி திரும்பி வந்தால் கொடுக்க, ஒரு பெரிய ரின் புலிச் சாப்பாடும் வாங்கி வைக்கிறார்கள். புலி வரவேயில்லை.

‘டீ’ என்பதைத் தேநீர் என்று எழுதினால் கதை கடைப்பலகை மாதிரி ஆகிவிடும். பின்னேரம் நாலு மணிக்கு யாழ்ப்பாணத்து வீட்டில் ஆற்றி வைத்துப் பலகாரத்தோடு குடிப்பது தேத்தண்ணீர். சோஃபியின் மேசையில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான். இந்தச் சொல் சிக்கலில்லாமல் வந்துவிடுகிறது. சிக்கல் அடுத்த சொல்லில்.

புலி. 1976இல் ஓர் இயக்கம் அந்தப் பெயரைச் சூடிக்கொண்ட பின்னர் ஈழத்தமிழ் வீட்டில் அது வெறும் விலங்கின் பெயராக இருக்க முடியாமல் போயிற்று. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு வீட்டில் மாலையிட்ட படம் ஒன்று நினைவுக்கு வரும். இன்னொரு வீட்டில், இரவில் வந்து அழைத்துப் போகப்பட்டுத் திரும்பாத ஒருவரின் பெயர் வரும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பமொன்று லண்டனில் இருந்தால், அவர்களுக்கு அது வேறோர் அர்த்தம். 2001இல் பிரித்தானியா இயக்கத்தைத் தடைசெய்த பிறகு பஸ்ஸிலும் ரியூபிலும் அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்திச் சொல்லப் பழகியவர்கள் இருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை பஸ்ஸின் மேல்தட்டில் இருந்துகொண்டு ‘புலி வந்து எல்லாத்தையும் சாப்பிட்டிட்டுது’ என்று உரத்துச் சொன்னால் பின்சீட்டில் இருக்கும் தமிழர் யார், எந்தப் பக்கம் என்று தாய்க்குத் தெரியாது. கதை முழுவதையும் தமிழில் சொல்லி அந்த ஒரு சொல்லை மட்டும் ‘டைகர்’ என்று விட்டுச் செல்லும் வீடுகளை நான் அறிவேன். மொழிபெயர்ப்புக் கோட்பாட்டாளர்கள் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருக்கக்கூடும்.

இந்தப் புலியை அரசியலாக வாசிப்பது நமது பிரத்தியேக நோயும் அல்ல. கெர் 1923இல் பேர்ளினில் பிறந்தவர். தந்தை அல்ஃபிரட் கெர் புகழ்பெற்ற நாடக விமர்சகர், யூதர், நாசிகளைக் கடுமையாகச் சாடியவர். 1933இல், ஜூடித்துக்கு ஒன்பது வயதாக இருக்கையில், குடும்பம் ஜேர்மனியை விட்டுத் தப்பியது. சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் என்று அலைந்து 1936இல் லண்டனுக்கு வந்து சேர்ந்தது. கதவு மணி அடிக்க, வந்து நிற்பவர் வீட்டில் உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டுப் போகும் கதைக்குப் பின்னால் கெஸ்ராப்போவின் நிழல் இருக்கலாம் என்று சிறுவர் எழுத்தாளர் மைக்கல் றோசன் சொன்னார். கெர் அதை ஏற்கவில்லை. புலி என்றால் புலிதான் என்றார். மகளோடு மிருகக்காட்சிச் சாலைக்குப் போய்வந்த நாட்களில், யாராவது வந்தால் நன்றாயிருக்குமே என்று இருவரும் ஏங்கிய பின்னேரங்களில் பிறந்த கதை அது என்பது அவர் சொன்ன விளக்கம்.

நான் கெரின் பக்கம். றோசனின் வாசிப்பில் பிழை என்று எதுவும் இல்லை, ஆனால் அது புத்தகத்தின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. கதவு, வந்தவர், பறிபோனவை. நமது வாசிப்பும் அப்படித்தான் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆமி வந்ததா, பெடியள் வந்தார்களா, இந்திய இராணுவம் வந்ததா, யாருக்குச் சமைத்துக் கொடுத்தோம், யார் கிணற்றடியில் தண்ணீர் அள்ளினார்கள் என்ற நினைவுகள் சோஃபியின் சமையலறைக்குள் நுழைந்துவிடுகின்றன. கெர் வரைந்த படங்களைப் பாருங்கள். சோஃபி புலியின் வாலைக் கட்டிப்பிடிக்கிறாள், அதன் மேல் சாய்கிறாள். தாயின் முகத்தில் பதற்றம் இருக்கிறதே தவிரப் பயம் இல்லை. வீட்டுக்கு வந்ததைத் துரத்தாமல் இருத்திச் சாப்பாடு போடுகிறார்கள். வந்ததற்காக யாரும் யாரையும் ஏசுவதில்லை. அப்பா வந்து, ஏன் கதவைத் திறந்தாய் என்று கேட்பதில்லை. நமது வீடுகளில் முதலில் வரும் கேள்வி அதுதான்.

குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. தாய் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, தொப்பியும் கோட்டுமாக வரும் அப்பா ஒரு வாக்கியத்தில் தீர்வு சொல்லுகிறார். நாள் முழுக்கப் பிள்ளையோடு வீட்டில் அடைந்து கிடந்தவளின் களைப்பிலிருந்து பிறந்த கதையில் அவளுக்கு ஒரு யோசனைகூடத் தோன்றவில்லை என்பது இன்றைக்கு உறுத்துகிறது. 1968ஆம் ஆண்டின் லண்டன் வீடும் அதே ஆண்டின் வண்ணார்பண்ணை வீடும் இந்த விடயத்தில் அதிகம் வேறுபடவில்லை என்று சொல்லி விட்டுவிடலாம்.

புத்தகத்தின் உயிர் இரண்டாம் பாதியில், அவர்கள் இருட்டில் நடக்கும் பக்கத்தில் இருக்கிறது. தெருவிளக்குகள் எரிகின்றன. கார்களின் விளக்குகள் எரிகின்றன. பிள்ளை பெற்றோரோடு தெருவில் நடக்கிறாள். ஆங்கிலேயப் பெற்றோருக்கு அது நித்திரைக்குப் போகவேண்டிய நேரத்தில் வெளியே போகும் சின்னக் குதூகலம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணத்தில் குழந்தையாக இருந்து இப்போது லண்டனில் பெற்றோராகியிருப்பவருக்கு அந்தப் பக்கம் வேறு விதமாகத் தெரியும். ஊரடங்கு, ஆண்டுக்கணக்கில் மின்சாரமற்ற இரவு, ஜாம் போத்தலில் எரிந்த மண்ணெண்ணெய்த் திரி. இருட்டியபின் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போவது என்றால் பங்கருக்குள் போவது, அல்லது ஊரை விட்டே போவது. தெருவிளக்கின் கீழ் சும்மா சாப்பிடப் போகும் குடும்பத்தைப் படத்தில் பார்த்து ஒரு கணம் வாசிப்பு நின்றுபோகிறவருக்குக் கெஸ்ராப்போ விளக்கமெல்லாம் தேவையில்லை.

இங்கே நமது பேச்சுத்தமிழ் ஒரு விசித்திரமான உதவி செய்கிறது. ‘வெளிக்கிடு’ என்கிறோம். உடுப்பு மாற்றித் தயாராவதும் வெளிக்கிடுவது. கோயிலுக்கோ கடற்கரைக்கோ புறப்படுவதும் வெளிக்கிடுவது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் மூட்டை முடிச்சோடு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்ததும் வெளிக்கிட்டதுதான். நாட்டைவிட்டு வந்ததும் அதே சொல். ஞாயிற்றுக்கிழமை காலையில் லண்டன் வீட்டில் ‘கெதியா வெளிக்கிடுங்கோ’ என்று தாய் பிள்ளைகளை விரட்டும்போது அந்தக் குரலில் ஏன் தேவைக்கு அதிகமான அவசரம் இருக்கிறது என்று இங்கே பிறந்தவர்கள் கேட்பதுண்டு. ஃபொரஸ்ற் ஹில்லில் இருக்கும் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தின் வோல்ரஸைப் பார்க்கப் போவதற்கு ஐந்து நிமிடத் தாமதம் ஒன்றும் கெடுதியில்லை. (உயிரோடு வோல்ரஸைக் கண்டிராதவர்கள் தோலின் மடிப்புகள் நிரந்தரமானவை என்று அறியாமல் பஞ்சை அடைத்து ஊதச் செய்த மிருகம் அது. பிள்ளைகளுக்கு அதனாலேயே பிடிக்கும். அந்த அருங்காட்சியகத்தை எழுப்பியவரும் ஒரு தேயிலை வியாபாரிதான்.)

இந்த வெளிக்கிடலை நமது புலம்பெயர் எழுத்தில் தேடிப் பார்த்தால் கையில் அகப்படுவது சொற்பம். லண்டனில் பத்மநாப ஐயர் தொகுத்து, நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கம் வெளியிட்ட ‘கிழக்கும் மேற்கும்’, ‘இன்னுமொரு காலடி’, ‘யுகம் மாறும்’, ‘கண்ணில் தெரியுது வானம்’ ஆகியவை தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் அதையடுத்தும் நமது எழுத்தின் பரப்பைக் காட்டிய பெரும் முயற்சிகள். போர், இழப்பு, அகதி விண்ணப்பம், வேலைத்தளம், சாதி, பெண்ணின் தனிமை என்று அக்காலப் புலம்பெயர் எழுத்து தொட்டவை ஏராளம். இராஜேஸ்வரி பாலசுப்பிரமணியத்தின் ‘ஒரு கோடை விடுமுறை’யின் விடுமுறை லண்டனிலிருந்து ஊர் திரும்பும் விடுமுறை. நமக்குப் பயணம் என்றால் ஊருக்குப் போவது. 185ஆம் இலக்க பஸ்ஸில் தள்ளுவண்டிலை ஏற்றி, இடமில்லை என்று இறக்கி, மழையில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பது பயணமாகவே எண்ணப்படவில்லை.

பிள்ளை நமது கதைகளில் வராமல் இல்லை. வரும்போது பெரும்பாலும் ஒரு சாட்சியாக வருகிறது. ஆங்கிலத்தில் பதில் சொல்லும், அம்மம்மாவின் கண் கலங்கும், மொழி அழிகிறது என்பது நிரூபணமாகும், கதை முடியும். அந்தப் பிள்ளைக்கு என்ன பசித்தது, எதைப் பார்த்துச் சிரித்தது, எந்தத் தரிப்பிடத்தில் மூத்திரம் முட்டியது என்று நமக்குத் தெரியவராது. அ. முத்துலிங்கம் ஒரு விலக்கு. கனடாவில் இருந்து அவர் எழுதும் கட்டுரைகளில் பேத்தி ஒரு முழு ஆளாக நடமாடுகிறாள், தாத்தாவை மடக்குகிறாள். லண்டனுக்கு அப்படி ஒரு பேத்தி இன்னும் எழுதப்படவில்லை.

கெர் எழுதிய ஒழுங்கு கவனிக்கத்தக்கது. தப்பியோடிய கதையை அவர் முதலில் எழுதவில்லை. முதலில் எழுதியது, இங்கே பிறந்த மகளுக்குச் சொன்ன புலிக் கதை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1971இல்தான் ‘வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் றாபிற்’ வந்தது. ‘த சவுண்ட் ஒஃப் மியூசிக்’ படம் பார்த்துவிட்டு வந்த மகன், அம்மாவின் சின்ன வயது எப்படி இருந்ததென்று இப்போது தெரிந்துவிட்டது என்றானாம். அது அப்படியல்ல என்று சொல்லத்தான் அந்த நூலை எழுதினேன் என்று கெர் பின்னர் சொன்னார். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் முள்ளிவாய்க்காலை முதலில் அறிந்தது 2011இல் சனல் 4 ஒளிபரப்பிய ஆவணப்படத்திலிருந்து? அதற்கும் முன், 2009 ஏப்ரலிலிருந்து யூன் வரை பாராளுமன்றச் சதுக்கத்தில் நடந்த போராட்டத்துக்குத் தள்ளுவண்டிலில் போன பிள்ளைகள் உண்டு. இன்று அவர்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயது. அவர்களுடைய முதல் வெஸ்ற்மின்ஸ்ரர் பயணம் அது. கொடியில் ஒரு புலி இருந்தது. பிக்பென்னைக் காட்டிய கை அந்தக் கொடியைப் பற்றி என்ன சொல்லிற்று, அல்லது என்ன சொல்லாமல் விட்டது என்பதை யாராவது எழுதினால் நான் ஆவலோடு வாசிப்பேன்.

இனிச் செய்யவேண்டியதில் சிறியது ஒன்று. இந்தப் படநூலை யாராவது ஈழத்துப் பேச்சுத்தமிழில், புலியைப் புலி என்றே சொல்லித் தரவேண்டும். லண்டனின் மன்ட்ரா லிங்குவா போன்ற பதிப்பகங்கள் தமிழிலும் இருமொழிப் படநூல்களை வெளியிட்டு வந்திருக்கின்றன. வழி இல்லாமல் இல்லை. வாய்விட்டு வாசிக்கும் நூலுக்குச் செய்தித்தாள் தமிழ் உதவாது. மொழிபெயர்ப்பவருக்குப் பெரிய தலையிடி கடைசிப் படத்தில் காத்திருக்கும். புலி ஊதுகுழலை ஊதிக்கொண்டு விடைபெறுகிறது. ஆங்கிலத்தில் அது நிரந்தரமான ‘குட்பை’. நாம் வீட்டை விட்டுப் போகும்போது ‘போறன்’ என்று சொல்வதில்லை, அபசகுனம். ‘போட்டு வாறன்’ என்போம். திரும்பி வராத புலி அப்படிச் சொல்லலாமா? சொன்னால், நித்திரை தூங்கி விழும் பிள்ளை எழுந்திருந்து, அப்ப எப்ப வரும் என்று கேட்கும்.