ஒற்றன் அறியாத ஒற்று: செவ்வியல் உளவுப்படங்களின் ஈர்ப்பு

உளவுப்படம் என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுவன ஒரு துப்பாக்கியும் ஓர் எண்ணும் ஆகும். 1962ஆம் ஆண்டில் வெளிவந்த 'டாக்டர் நோ' திரைப்படத்தில் ஷான் கானரி ஏற்ற 007 என்னும் எண், அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் மங்கவில்லை. அதனாலேயே உளவுப்படங்களின் செல்வாக்கை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் கருவிகளையும் மகிழுந்துகளையும் அயல்நாட்டு நிலக்காட்சிகளையும் எண்ணிக் காட்டி அமைந்துவிடுகின்றனர். இவ்வளவைமுறை போதாது என்பதே நம் கருத்து. 1940களின் நடுப்பகுதி தொடங்கி 1960களின் நடுப்பகுதி வரை எழுந்த உளவுப்படங்களுள் சிறந்தவை இன்றும் நம்மைப் பிணிப்பதற்குக் காரணம் அவற்றின் நாயகர் அறிந்திருப்பனவற்றில் இல்லை. அவர்கள் அறியாதிருப்பனவற்றில் உள்ளது.

இதனை விளக்கத் திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல் நமக்குத் துணை செய்கிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய வேண்டும் என்றும், ஒருவனை மற்றவன் அறியாவண்ணம் ஆள வேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்த பின்னரே தெளிய வேண்டும் என்றும், ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது என்றும் வள்ளுவர் வகுத்துரைக்கிறார். பொருட்பாலின் அரசியலில் அமைந்த இவ்வதிகாரம் அரசனை நோக்கிப் பேசுவது. ஆட்சிக்கலை என்ற அளவில் இதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆயின், தன்னை ஆராய வந்த மற்றவன் யார் என்று அறியாத அவ்வொற்றனின் இடத்தில் நின்று இதே நெறிகளைப் பார்த்தால் அவை எவ்வாறு தோன்றும்? மேலை இயக்குநர்கள் வள்ளுவரை அறிந்திருந்தனர் என்று நாம் சொல்ல வரவில்லை. அரசன் பக்கம் நின்று வள்ளுவர் கண்ட அதே அமைப்பை, ஒற்றன் பக்கம் நின்று காட்டியவை அப்படங்கள் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'நொடோரியஸ்' (1946) இதற்குத் தக்க தொடக்கமாகும். ரியோ டி ஜெனிரோவில் நாட்சிகளின் வீட்டிற்குள் புகுவதற்காக அலிசியா என்னும் பெண் (இங்கிரிட் பெர்க்மன்) அவர்களுள் ஒருவனை மணக்கவும் நேர்கிறது. அங்கு அவளுக்குச் சிறுகச் சிறுக நஞ்சு ஊட்டப்படுகிறது. அவளது தளர்ச்சியைக் கண்ட ஒற்றர்துறையினர், அவள் மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டாள் என்று எண்ணிக்கொள்கின்றனர். அச்செய்தியைக் கேட்கும் மேலதிகாரி கட்டிலில் சாய்ந்தபடி பாலாடைக்கட்டியும் பிஸ்கட்டும் தின்றுகொண்டிருக்கிறார். அவர் கொடியவர் அல்லர். நற்குடிப் பிறந்தார்க்குரிய பண்புடையவராகவே பேசுகிறார். அந்தப் பிஸ்கட்டு நமக்கு உண்டாக்கும் வெறுப்பை நஞ்சு கலந்த காப்பிக் கோப்பை உண்டாக்குவதில்லை.

அதே இயக்குநரின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில், சோளக் கொல்லையருகே விமானம் துரத்தும் காட்சியைப் பலரும் நினைவுகூர்வர். நாம் சுட்ட விரும்புவது அதற்கு முன்னர் வரும் சிறு காட்சி. ரோஜர் தார்ன்ஹில் (கேரி கிராண்ட்) என்னும் விளம்பரத்துறையினனைப் பகைவர்கள் ஜார்ஜ் கேப்ளன் என்னும் ஒற்றன் எனப் பிறழ உணர்ந்து கொல்ல முயல்கின்றனர். கேப்ளன் என்றொருவன் இல்லவே இல்லை. பகைவரை மயக்க அரசுத்துறை புனைந்த வெறும் பெயர் அது. வாஷிங்டனில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்துள்ள அதிகாரிகள் இப்பிழையை உணர்ந்தும், உண்மையான தம் ஒற்றரைக் காக்கும் பொருட்டு அவனை அவன் விதிக்கே விட்டுவிட முடிவு செய்கின்றனர். இவ்விடத்தில் புறநானூற்றின் 47ஆம் பாட்டு நம் நினைவில் வராமல் இராது. உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்று வந்தான் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் பாடி அவனை உய்வித்தார் என்பது அதன் குறிப்பு. பிறழ உணரப்பட்டவனுக்காகப் பேச அங்கு ஒரு புலவர் இருந்தார். வாஷிங்டன் மேசையில் அத்தகையவர் எவரும் இல்லை.

ஹிட்ச்காக் தம் மாந்தரை இறுதியில் மீட்டுவிடுகிறார். மீட்காமல் விட்டவர் மார்ட்டின் ரிட். அவர் இயக்கிய 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' (1965), ஜான் லெ காரே 1963இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. டேவிட் கார்ன்வெல் என்னும் இயற்பெயருடைய அவ்வாசிரியர் (மறைவு 2020) பிரிட்டிஷ் ஒற்றர்துறையில் பணியாற்றியவர். மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் பணியிலிருந்த காலத்தில் இந்நாவலை எழுதினார். 1961ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. அதே ஆண்டில் ஜார்ஜ் பிளேக் இரட்டை ஒற்றன் எனத் தண்டிக்கப்பட்டார். 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிம் ஃபில்பி பெய்ரூட்டிலிருந்து மாஸ்கோவிற்குத் தப்பினார். தம் மேலோரை நம்பலாமா என்னும் ஐயம் பிரிட்டனில் அன்றாடச் செய்தியாகிவிட்ட காலம் அது.

படத்தின் கதையைச் சுருங்கக் கூறுவோம். பெர்லினில் தன்கீழ்ப் பணியாற்றிய ஒற்றர்களை இழந்த அலெக் லீமாஸ் (ரிச்சர்டு பர்ட்டன்) லண்டனுக்கு அழைக்கப்படுகிறான். பின்னர் அவன் குடிகாரனாகிறான். நூலகம் ஒன்றில் சிறுபணியில் சேர்ந்து நான் பெரி (கிளேர் புளூம்) என்னும் பெண்ணின் அன்பைப் பெறுகிறான். மளிகைக்கடைக்காரர் ஒருவரை அடித்துச் சிறை செல்கிறான். இவ்வீழ்ச்சி நடிப்பு என்பதைச் சற்றுப் பிந்தி நாம் அறிகிறோம். கிழக்கு ஜெர்மானியர் தன்னை விலைக்கு வாங்குமாறு செய்து, அவர்களுடைய ஒற்றர்துறைத் தலைவன் முண்ட் பிரிட்டனின் கையாள் என்பதுபோல் பொய்ச்சான்று காட்டி, அவனை அவன் துணைவனாகிய ஃபீட்லரைக் கொண்டே அழிப்பது லீமாசுக்கு இடப்பட்ட பணி.

படத்தின் நுட்பம் இவ்விடத்தில் தொடங்குகிறது. நடிப்பு எது, மெய் எது என்று நாம் கண்டுகொண்டோம் என்னும் பெருமிதத்தை இயக்குநர் நமக்குத் தருகிறார். அப்பெருமிதமே நமக்கு வைக்கப்பட்ட பொறி. கிழக்கு ஜெர்மானிய நடுவர்மன்றத்தில் நான் பெரி சாட்சியாகக் கொண்டுவரப்படும்போது, லீமாசின் பொய் குலைகிறது. முண்ட் விடுவிக்கப்பட்டு ஃபீட்லர் வீழ்கிறான். அப்போதுதான் லீமாசுக்கு விளங்குகிறது: முண்ட் மெய்யாகவே லண்டனின் ஆள். அவன்மீது ஐயுற்ற ஃபீட்லரை ஒழித்து அவனைக் காப்பதே இம்முயற்சியின் நோக்கம். லீமாஸ் பொய்யெனக் கருதிச் சுமந்து சென்ற செய்தி மெய். அது நம்பப்படாமல் போவதற்காகவே அவன் அனுப்பப்பட்டான். ஒருவனை மற்றவன் அறியாவண்ணம் ஆளும் நெறி ஒரு பிழையுமின்றி நிறைவேறியிருக்கிறது. அந்நெறி நிறைவேறியதே இங்கு அவலம்.

சுவரை நோக்கிச் செல்லும் வண்டியில் லீமாஸ் சீற்றத்துடன் பேசும் நெடுமொழியே இப்படத்தின் உச்சம் எனத் திறனாய்வாளர் பலர் கொள்வர். நாம் உடன்படவில்லை. அம்மொழி படத்தின் கருத்தைச் சற்று உரக்கவே சொல்லிவிடுகிறது. பர்ட்டனின் முகம் ஒரு சொல்லுமின்றி உண்மையை உணரும் நடுவர்மன்றக் காட்சியே மேலானது. மேடையில் முழங்கிப் பெயர்பெற்ற தம் குரலை இப்படம் முழுதும் அவர் அடக்கியே வைத்திருக்கிறார். ஆஸ்வால்டு மாரிசின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு ஈரத் தெருவையும் பழுப்பேறிய அலுவலகத்தையும் ஒரே மங்கலில் நனைத்து, சுவரின் இருபுறங்களையும் வேறு பிரித்துக் காட்ட மறுக்கிறது.

பகைவரின் தலைவனே நம்மவன் என்னும் இத்திருப்பம் நாவலாசிரியரின் மிகைக்கற்பனை என மலேசிய வாசகர் ஒதுக்கிவிட இயலாது. மலாயாக் கம்யூனிஸ்டு கட்சியின் தலைமைச் செயலாளராக இருந்த லாய் டெக், பிரிட்டிஷாருக்கும் பின்னர் ஜப்பானியருக்கும் ஒற்றராக இருந்தவர். 1942ஆம் ஆண்டு செப்டம்பரில் பத்துமலை அருகே கூடிய கட்சியினரை ஜப்பானியர் சூழ்ந்து கொன்றபோது அவர் மட்டும் அங்கு வந்துசேரவில்லை. தைப்பூசத்திற்கு நாம் ஆண்டுதோறும் செல்லும் இடத்தின் பக்கத்தில் நிகழ்ந்தது இது. அங்கு மடிந்தோர் தம்மைக் காட்டிக்கொடுத்தவர் யார் என அறியாமலே மடிந்தனர்.

இனி, பாண்ட் படங்கள் இவ்வமைப்பிற்கு முற்றிலும் புறம்பானவையா என்னும் வினா எழும். அவற்றின் தொடக்கக்காலப் படங்களில் எம் என்னும் மேலதிகாரி கடிந்து பேசுவார், வஞ்சிக்கமாட்டார். 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1963) படத்தில் பகைவரின் சூழ்ச்சி பாண்டுக்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. எனவே நாம் அவனுக்காக அஞ்சுகிறோம்; அவனுடன் ஏமாறுவதில்லை. ஆயினும் இரு மரபுகளையும் எதிரெதிர் முகாம்களாகக் காண்பதும் தவறாகும். பாண்ட் படங்களின் தயாரிப்பாளருள் ஒருவராகிய ஹாரி சால்ட்ஸ்மனே, சிட்னி ஃபியூரி இயக்கிய 'தி இப்கிரஸ் ஃபைல்' (1965) படத்தையும் தயாரித்தார். இசையமைத்த ஜான் பாரி, அரங்கமைத்த கென் ஆடம், தொகுத்த பீட்டர் ஹன்ட் ஆகியோரும் பாண்ட் படக்குழுவினரே. அப்படத்தில் மைக்கேல் கெய்ன் மூக்குக்கண்ணாடி அணிந்து, தாமே சமைத்து, ஊதிய உயர்வு பற்றிக் கவலைப்படும் ஒற்றராக வருகிறார். தம் மேலதிகாரிகள் இருவருள் துரோகி எவர் என்பதே இறுதியில் அவர்முன் நிற்கும் வினா. ரிட் படத்தின் திரைக்கதையாளருள் ஒருவரான பால் டேன், 'கோல்ட்ஃபிங்கர்' (1964) படத்திற்கும் எழுதியவர். மற்றொன்றும் உண்டு: லீமாசிடம் அடிவாங்கும் அந்த மளிகைக்கடைக்காரராக நடித்திருப்பவர் பெர்னார்டு லீ; அதாவது பாண்ட் படங்களின் எம். இத்தேர்வு தற்செயலானதோ அன்றோ, தன் மேலதிகாரியை அடிக்க இயலாத ஒற்றன் அவருடைய முகத்தையேனும் அடித்துவிடுகிறான்.

செல்வாக்கின் தடத்தை நாம் இவ்வழியே தேட வேண்டும். சிட்னி போலாக்கின் 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டர்' (1975) படத்தில் நாயகனின் உடன்பணியாளரைக் கொல்வித்தவர்கள் சொந்தத் துறையைச் சேர்ந்தவர்களே. 'மிஷன்: இம்பாசிபிள்' (1996) படத்தில் குழுத்தலைவரே துரோகி. பாண்டின் வீடும் தப்பவில்லை. 'ஸ்கைஃபால்' (2012) படத்தின் தொடக்கத்தில், பாண்டின் மீது படக்கூடும் என அறிந்தே சுடுமாறு எம் ஆணையிடுகிறார்; அதில் வரும் பகைவனும் முன்பு அவரால் கைவிடப்பட்ட ஓர் ஒற்றனே. கருவிகளையும் மகிழுந்துகளையும் பிறருக்கு வழங்கிய பாண்ட் மரபு, தன் உயிர்ப்பை நீட்டிக்க லெ காரேயின் ஐயத்தைக் கடன்வாங்க நேர்ந்திருக்கிறது.

தமிழ்த் திரைக்கு வந்து சேர்ந்தது எது? 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) முதலிய மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களால் ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் எனப் பெயர்பெற்றார். எம்.ஜி.ஆர். நடித்த 'ரகசிய போலீஸ் 115' (1968) தலைப்பிலேயே எண்ணைத் தாங்கியது. இவற்றை வெறும் போலி என இகழ்வது முறையன்று. குறைந்த பொருட்செலவில் விறுவிறுப்பைப் படைத்த தொழில்திறன் அவற்றில் உண்டு. எனினும் துப்பாக்கியும் எண்ணும் மாறுவேடமும் வந்த கப்பலில் ஐயம் வரவில்லை. நாயகனை மையமாகக் கொண்ட அக்காலத் திரைமரபில், நாயகன் பிறரை ஏமாற்ற வேடம் புனையலாம். தன் மேலோரால் ஏமாற்றப்பட்டு, இறுதிவரை அறியாதவனாக நிற்க இயலாது. எல்லாம் அறிந்தவனாக இருப்பதே நாயகத்தன்மையின் இலக்கணமாக இருந்தது. சுஜாதாவின் கதையில் உருவான 'விக்ரம்' (1986) கணினியையும் ஏவுகணையையும் கொணர்ந்தும் இவ்விலக்கணத்தை மீறவில்லை.

ரிட்டின் படத்தை நம் துறை மாணவர்களுக்கு ஒருமுறை திரையிட்டோம். இறுதிக் காட்சியில் நான் பெரி சுடப்பட்டு விழுகிறாள். சுவர்மேல் இருக்கும் லீமாஸ் மேற்குப்பக்கம் குதித்தால் பிழைப்பான்; அங்கிருந்து அவனை அழைக்கவும் செய்கின்றனர். அவன் கிழக்குப்பக்கமே இறங்கிச் சுடப்பட்டு மடிகிறான். விளக்குகள் எரிந்ததும் ஒரு மாணவர், அவன் ஏன் இறங்கினான் என்று கேட்டார். காதலால் என்றார் ஒருவர். குற்றவுணர்வால் என்றார் மற்றொருவர். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர், மறுபக்கம் போனால் அவனுக்கு அடுத்த பணி கொடுத்திருப்பார்கள் என்றார். சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை.