நூல் பிடித்தவள்

நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுத்துக் கொடுக்கிறவர்களை நக்கீரர் புலவர் என்றே அழைக்கிறார். நிழலைப் பார்த்துத் திசை தேர்ந்து, கயிறு பிடித்து அளந்து, அவர்கள் நிலத்தைப் பகுக்கிறார்கள். பாட்டுக் கட்டுகிறவருக்கும் வீடு கட்டக் கோடு போடுகிறவருக்கும் ஒரே சொல். கவிதை எழுதிக்கொண்டு தமிழ் நடத்துகிற எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு. அந்தச் சந்தோஷம் பாதியில் நின்றுவிடுகிறது. அதே பாட்டில் பெண் இருக்கும் இடம், அந்தக் கயிறு வகுத்த மாளிகையின் ஆக உள்ளே, தந்தக் கட்டிலில், பாசறைக்குப் போன கணவனை நினைத்துக் கலங்கியபடி. பாட்டுக் கட்டிய புலவர்களில் ஔவையாரும் வெள்ளிவீதியாரும் நச்செள்ளையாரும் இருக்கிறார்கள். கயிறு பிடித்த புலவர்களில் ஒரு பெண்ணின் பெயரும் நம் கைக்கு வந்து சேரவில்லை.

எங்கள் வலங்கைமான் பக்கத்தில் கொத்தனார்கள் இன்றைக்கும் 'நூல் பிடிப்பது' என்றுதான் சொல்கிறார்கள். சுவர் நேராக எழ வேண்டுமானால் இரு முனையிலும் நூல் கட்ட வேண்டும். கட்டுகிறவர் கொத்தனார். அவருக்குச் செங்கல்லும் கலவையும் தலையில் சுமந்து வருகிறவள் சித்தாள். 'ஆர்' விகுதி அவருக்கு, 'சிறு' என்ற அடை இவளுக்கு. இருபது வருடம் சுமந்த பெண்ணும் சித்தாளாகவே நிற்கிறாள். கரண்டி அவள் கைக்கு மாறுவதில்லை. கட்டடத் தொழிலில் பெண்ணின் இடம் பற்றிய பேச்சைப் பட்டம் வாங்கிய பெண்களிடமிருந்து தொடங்குவது வழக்கம். அந்தப் பேச்சுக்குள் சித்தாள் எப்போது வருவாள் என்று பார்த்துக்கொண்டேதான் நான் மினெட் டி சில்வாவின் புத்தகத்தை வாசித்தேன்.

'ஓர் ஆசியப் பெண் கட்டடக் கலைஞரின் வாழ்வும் பணியும்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது அது. அவர் இறந்த 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. தன்வரலாறு என்ற சொல் முழுதும் பொருந்தாது. கடிதங்கள், புகைப்படங்கள், வரைபடங்கள், பத்திரிகை நறுக்குகள் என எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்த பெரிய ஆல்பம் மாதிரியான நூல். கோர்வை இல்லை, தன்னைப் பற்றிய பேச்சு கூடுதல் என்று குறை சொல்லலாம். எனக்கு அந்த வடிவமே அதன் வாதமாகப் பட்டது. பேர்பெற்ற ஆண் கலைஞனின் தாள்களைச் சேர்த்து வைக்க அறக்கட்டளை இருக்கும், மாணவர்கள் இருப்பார்கள், பெரும்பாலும் ஒரு மனைவி இருப்பாள். இவருக்கு இவரேதான். நறுக்கி ஒட்டாமல் விட்டிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது என்ற பயம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

மினெட் 1918இல் கண்டியில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி, பின்னாளில் அமைச்சர். தாய் ஆக்னஸ் இலங்கைப் பெண்களின் வாக்குரிமைக்காகக் களத்தில் நின்றவர். 1931இல் அங்கே இருபாலருக்கும் வாக்குரிமை வந்ததில் அவருக்கும் பங்குண்டு. அப்படிப்பட்ட வீட்டிலும் மகள் கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்றபோது தந்தையை இசைய வைக்க வேண்டியிருந்தது. இலங்கையில் அதற்குக் கல்லூரி இல்லாததால் பம்பாய்க்குப் போனார். ஜே.ஜே. பள்ளியில் படித்தபோது, காந்தியை விடுவிக்கக் கோரிய கூட்டத்தில் கலந்துகொண்டதற்காக மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். மறுத்தார், வெளியேற்றப்பட்டார். பிறகு பெங்களூரில் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் வேலை, அதன் பிறகு லண்டன். 1948இல் பிரிட்டனின் கட்டடக் கலைஞர்களுக்கான அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அவரே முதல்.

ஊர் திரும்பி, கண்டியில் பெற்றோர் வீட்டிலேயே வேலையைத் தொடங்கினார். முதல் பெரிய வேலை கருணாரத்ன குடும்பத்துக்கான வீடு, 1949இல் தொடங்கி 1951இல் முடிந்தது. சரிவான நிலத்தில் கான்கிரீட்டும் கண்ணாடியும் கொண்ட நவீன வீடு. அதற்குள் தும்பறைப் பாய் நெசவும், உள்ளூர்ச் சுடுமண் ஓடுகளும், ஜார்ஜ் கீட்டின் சுவரோவியமும். பொறியியல் முறையோடு வட்டாரக் கைவினையைச் சேர்க்கும் இந்தப் போக்குக்கு 'நவீன வட்டாரக் கட்டடக்கலை' என்று அவரே பெயர் வைத்து 1950களின் தொடக்கத்திலேயே எழுதினார். ஏறக்குறைய இதே கவலையை 'விமர்சன வட்டாரவாதம்' என்ற பெயரில் கென்னத் ஃபிராம்ப்டன் 1983இல் எழுதியதுதான் கல்லூரிப் பாடமாக நிலைத்தது. கண்டியில் ஒரு பெண் முப்பது வருடம் முன்னால் எழுதியதைக் கோட்பாடு என்று யாரும் அழைக்கவில்லை. வீட்டு அலங்கார ரசனை என்று நினைத்திருப்பார்கள்.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது கருணாரத்ன வீடு அல்ல, வட்டபுளுவ. அரசு ஊழியர்களுக்காகக் கண்டிக்கு அருகே 1950களில் எழுந்த குடியிருப்பு. இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். வரைவதற்கு முன்னால், குடிவரப் போகிற குடும்பங்களுக்கு மினெட் கேள்வித்தாள் அனுப்பினார். எத்தனை பேர், என்ன தேவை, எப்படி வாழ்கிறீர்கள், எவ்வளவு செலவழிக்க முடியும் என்று கேட்டு, பதில்களை வைத்துப் பல மாதிரி வீடுகளை வகுத்தார். அந்தக் காலத்து அரசுக் குடியிருப்பு என்றால் ஒரே அச்சில் வார்த்த வீட்டை வரிசையாக வைப்பது. இவர் கேட்டார். ஆசிரியர் வேலையும் வடிவமைப்பு வேலையும் ஒன்றுசேரும் இடம் இது என்று நினைக்கிறேன். நல்ல ஆசிரியை வகுப்புக்குள் போனதும் முதலில் செய்வது எதிரே இருப்பவருக்கு என்ன தெரியும் என்று கேட்பதுதானே.

காவிரிக் கரை வீட்டுக்கு அப்படி ஒரு கேள்வித்தாள் வந்ததே இல்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று அந்தப் பழைய வீட்டின் அழகை இன்று எல்லோரும் பாடுகிறார்கள். தங்கும் விடுதிகளாக்கிக் காசும் பார்க்கிறார்கள். முற்றத்தில் விழும் மழை அழகுதான். அந்த முற்றத்தைக் காலையும் மாலையும் கழுவியவள் யார், மாதத்தில் மூன்று நாள் எந்த மூலை அவளுக்கு ஒதுக்கப்பட்டது, புகை அடுக்களையில் அவள் கண் என்ன ஆனது என்பதெல்லாம் அந்தப் பாட்டில் வருவதில்லை. சிங்கப்பூர்ப் பணத்திலும் துபாய்ப் பணத்திலும் எழுகிற புது வீடுகளிலும் கதை பெரிதாக மாறவில்லை. கிரானைட் மேடை போட்ட சமையலறை பார்வைக்கு இருக்கும். எண்ணெய்ச் சட்டி வைப்பதும் மீன் கழுவுவதும் கொல்லையில் தகரம் வேய்ந்த சாய்ப்பில் நடக்கும். வீட்டுக்குள் வேலை செய்கிறவளைக் கேட்காமல் வரைந்தால், அவள் தனக்கு வேண்டிய வீட்டைப் பின்னால் தகரத்தில் கட்டிக்கொள்கிறாள்.

மினெட்டும் எல்லோரையும் கேட்டுவிடவில்லை. அவர் அமைச்சர் வீட்டு மகள். அவரிடம் வீடு கட்டச் சொன்னவர்கள் கண்டியிலும் கொழும்பிலும் வசதியாக வாழ்ந்தவர்கள். தும்பறைப் பாய் முடைவது கண்டிச் சமூகம் தாழ்த்தி வைத்த ஒரு சாதியின் தொழில். பாய் கதவில் ஏறி மரியாதை பெற்றது. முடைந்த கை எங்கே குடியிருந்தது என்ற கேள்வியை 'வட்டாரம்' என்ற சொல் மறைத்துவிடுகிறது. இந்த இடத்தில் எனக்கு அவரோடு சண்டை உண்டு. நமக்கும் இதே மறதி உண்டு என்பதால் சண்டை இன்னும் கடுமையாகிறது. இந்தத் தஞ்சைச் சமவெளியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்டன. அதன் பிறகு இங்கே வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்து கொடுத்தார், குடிசைகளுக்குப் பதில் கல்வீடு கட்டும் வேலையையும் கையிலெடுத்தார். கட்டடக்கலைப் பட்டம் பெறாதவர் அவர். ஆனாலும் தமிழில் பெண்ணும் கட்டடமும் பற்றி எழுதப்படும் எந்த வரலாறும் அவரை விட்டுவிட்டு எழுதப்படக் கூடாது.

இனி ஆசிரியப் பணி. மினெட்டுக்குக் கட்டட வேலைகள் குறைந்து போயின. 1970களில் லண்டனில் இருந்தபோது பானிஸ்டர் ஃப்ளெட்சரின் கட்டடக்கலை வரலாற்று நூலின் புதிய பதிப்புக்குத் தெற்காசியப் பகுதியை எழுதினார். இந்த நூலின் பழைய பதிப்புகள் இந்திய, சீனக் கட்டடங்களை 'வரலாறற்ற பாணிகள்' என்று ஒதுக்கி வைத்தவை. அதே நூலுக்குள் ஒரு கண்டிப் பெண் போய் வரலாறு எழுதியதை அவருடைய கட்டடங்களுக்குச் சமமாக வைப்பேன். அந்த எழுத்தின் தொடர்ச்சியாக ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் 1979 வரை கட்டடக்கலை வரலாறு நடத்தினார். ஆசிய மாணவர்களுக்கு ஆசியக் கட்டடங்களை முன்வைத்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நான்கு ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், தொழில் நொடித்தவர் ஒதுங்கிய இடம் போல.

இந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் மனநிலை நமக்கு நன்றாகத் தெரிந்தது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லத்தில், பெண்களுக்கான பொறியியல் கல்லூரியாக 1988இல் தொடங்கிய பெரியார் மணியம்மை நிறுவனத்தில் இன்று கட்டடக்கலையும் கற்பிக்கிறார்கள். பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று ஒரு மாணவியின் அப்பா என்னிடம் யோசனை கேட்டார். "அஞ்சு வருஷம் படிக்கணுமாம்மா. முடிச்சா ஒரு டீச்சர் வேலையாவது கெடைக்குமா?" அந்த 'ஆவது' என்ற இடைச்சொல்லை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வேறு வழியில்லாதபோது ஏற்பது என்பது அதன் பொருள். பெண்ணுக்கு ஆசிரியப் பணி பாதுகாப்பானது. கட்டடம் நடக்கும் இடம் வெயில், சாரம், பொழுது சாய்ந்தும் முடியாத கான்கிரீட், "பொம்பளை சொல்லி நான் கம்பி கட்டணுமா" என்கிற மேஸ்திரி. இரண்டும் இரண்டு உலகம் என்று வீடும் நம்புகிறது, தொழிலும் நம்புகிறது. படித்து முடித்தவளைக் கல்லூரி வாசலுக்குள் அனுப்பிவிட்டு, கற்பிப்பவர் வெளியே கட்டியது என்ன என்று பிறகு அவளைத்தான் கேட்கிறார்கள்.

கட்டியவர்களுக்கும் பெயர் நின்றதா? யூலி சௌத்ரி சண்டிகர் உருவாக்கத்தில் தொடக்க காலத்திலிருந்தே உழைத்தார். 1960களில் தில்லிக் கட்டடக்கலைப் பள்ளிக்குத் தலைமை வகித்தார். 1970களில் சண்டிகரின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். கற்பித்தலும் கட்டுதலும் ஒருவரிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவரும் பங்கேற்று வடிவமைத்த சண்டிகர் நாற்காலிகள் இன்று ஏலக்கூடங்களில் பெரும்பாலும் பியர் ழான்னரே பெயரில் விலை போகின்றன. மினெட்டின் கதி இன்னும் விசித்திரம். லெ கொர்புசியேவுக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்துத்தான் உலகுக்குச் சுவையான செய்தி. அந்த உறவைக் காதலாகக் கற்பனை செய்து 2019இல் ஒரு நாவலும் வந்தது. எழுதுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வட்டபுளுவக் கேள்வித்தாளை வைத்தும் ஒருவர் நாவல் எழுதலாம். ஜெஃப்ரி பாவா மினெட்டைவிட ஒரு வயது இளையவர். வழக்கறிஞராக இருந்து பின்னரே இந்தத் தொழிலுக்கு வந்தவர். 1960களில் அவர் கட்டிய முற்றத்து வீடுகள் புகழ் பெற்றன, பெறத் தகுந்தவைதான். மினெட்டின் வீடுகள் அதற்குப் பத்து வருடம் முந்தியவை என்பதைச் சொல்ல ஒவ்வொரு முறையும் யாராவது கை தூக்க வேண்டியிருக்கிறது. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 1996இல், 78ஆவது வயதில்.

காலம் மாறவேயில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஷீலா ஸ்ரீபிரகாஷ் 1979இல் சென்னையில் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஆரோவில்லில் வேலை தொடங்கிய அனுபமா குண்டூ 2000இல் தன் 'சுவர் வீட்டை' அங்கே கட்டினார். உள்ளூர்ச் சூளையில் சுட்ட மெல்லிய அச்சுக்கல்லும் குயவர் வனைந்த சுடுமண் பாண்டங்களும் கொண்டு எழுந்த வீடு. அதன் முழு அளவு மாதிரியை 2012இல் வெனிஸ் கண்காட்சியில் எழுப்பியபோது கைவினைஞர்களும் மாணவர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். பெர்லினில் முனைவர் பட்டம் முடித்தவர். பல நாடுகளில் கற்பித்துக்கொண்டே கட்டுகிறார். அவரிடம் கட்டுமான இடமே வகுப்பறையாகிறது. ஆவதுக்கு அங்கே வேலையில்லை. தன் ஊரில், சொந்தத் தச்சாசாரியையும் கொத்தனாரையும் வைத்து, ஒரு பெண் இதைச் செய்யக் கடல் கடந்த அங்கீகாரம் முதலில் தேவைப்படுகிறதா என்ற சந்தேகம் மட்டும் எனக்குப் போகவில்லை.

எங்கள் ஊரில் புதுமனை புகுவிழாவன்று கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் தாம்பூலத் தட்டில் வேட்டி துண்டும் பணமும் வைத்துக் கொடுப்பார்கள். வரைபடம் போட்டவர் வந்திருந்தால் அவருக்குச் சால்வை. சமீபத்தில் அப்படி ஒரு விழாவில், அந்த வீட்டுக்கு எட்டு மாதம் கல் சுமந்த அக்காவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரம்மாவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "அவளா? கடைசிப் பந்தியில சாப்பிட்டுட்டுத்தானே போனா" என்றார்.