பொருளும் பெயரும்

பொருள் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையால் எடுத்து ஆளப்படும் பண்டமும் பொருள். சொல்லால் உணர்த்தப்படும் கருத்தும் பொருள். பழம்பொருள் காக்கும் நிலையங்களை மதிப்பிடப் புகுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே கருதுதல் வேண்டும். பண்டத்தைக் காத்து அதன் கருத்தைக் கைவிட்ட நிலையம் பாதிப் பணியையே செய்ததாகும்.

இன்று நாம் அருங்காட்சியகம் என்கிறோம். அரியனவற்றைக் காட்டும் அகம் என்பது அச்சொல்லின் கருத்து. இப்பெயரே ஓர் இடர்ப்பாட்டை உண்டாக்கிவிட்டது. முடியும் வாளும் பொற்கலமும் அரியன; அடுக்களைப் பானையும் தொழிலாளியின் வாளியும் எளியன. எளியனவற்றிற்கு அவ்வகத்தில் இடம் ஏது? சென்னையில் 1851ஆம் ஆண்டு தோன்றிய அருங்காட்சியகத்தைப் பொதுமக்கள் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குகள் உலவிய இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். ஏளனமாகப் பிறந்த பெயரேனும் அதில் ஒரு திறனாய்வு அடங்கியுள்ளது. ஆண்டவர் யார், ஆண்ட முறை யாது, அழைத்த பெயர் யாது என்பன அறியப்படாமல் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் பொருள் உயிரற்றதே அன்றோ?

அருங்காட்சியகம் என்னும் அமைப்புத் தமிழ்நாட்டில் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழர் வேறொரு வகைக் களஞ்சியத்தை அமைத்தனர். அதுவே நிகண்டு. சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. அவற்றுள் ஒன்று 'செயற்கை வடிவப் பெயர்த் தொகுதி'. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் ஆகியவற்றின் பெயர்களைத் தொகுத்ததோடு அமையாமல், மனிதன் தன் கையால் செய்துகொண்டவற்றின் பெயர்களுக்கும் திவாகரர் தனித் தொகுதி வகுத்தார். எனினும், நிகண்டில் பெயர் உண்டு. பொருளைக் காண இயலாது. அருங்காட்சியகத்தில் பொருள் உண்டு. பெயரைக் கேட்க இயலாது. இரண்டும் ஒன்றுபட்டுக் கிடைத்த இடங்கள் சிலவே. அவற்றுள் மூன்றினை ஈண்டு நோக்குதல் நலம்.

எகிப்து நாட்டின் செங்கடற் கரையில் குசீர் அல்-காதிம் என்னும் பழந்துறை உள்ளது. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் அங்கு நடத்திய அகழாய்வில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதனைப் 'பானை ஒறி' என்று படித்தார், அது கி.மு. முதல் நூற்றாண்டினது என்பது அவர்தம் கருத்து. உறி என்பது பானையைத் தொங்கவிடும் கயிற்று வலை. மன்னன் பெயரோ கடவுட்பெயரோ அவ்வோட்டில் இல்லை. பானை தன்னைப் பானை என்றே கூறுகிறது. ஆயினும், தமிழ் பேசியோர் அத்துறையில் புழங்கினர் என்பதற்குப் பொற்காசைவிட இவ்வோடே சிறந்த சான்று. காசு கைமாறித் தனியே செல்லும். உறியில் தொங்கும் பானைக்குத் தமிழில் பெயர் எழுத, அப்பெயரைப் படிப்பாரும் அருகில் இருந்திருத்தல் வேண்டும். மற்றொன்றும் கருதத் தக்கது. எழுதியவர் 'உறி' என்னாது 'ஒறி' என்றார். உரலை ஒரல் என்னும் பேச்சு வழக்கு இன்றும் உண்டு. அன்று ஒருவர் அருகிருந்து பிழை திருத்தியிருப்பின், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மக்கள் ஒலித்த முறை நமக்கு எட்டியிராது.

இரண்டாவது சான்று மலாயாத் தீபகற்பத்திலேயே கிடைத்தது. தாய்லாந்தின் தென்பகுதியில் உள்ள குவான் லுக் பட் என்னும் இடத்தில் கண்டெடுக்கப்பெற்று, குலோங் தோம் புத்த கோயிலின் காட்சிசாலையில் சிறு கல் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டுத் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்பது அதில் பொறிக்கப்பட்டுள்ளது. பத்தர் என்பது பொற்கொல்லரைக் குறிக்கும் சொல். ஆகலின், இது பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லன் பொன்னை உரைத்து மாற்றுக் கண்ட கட்டளைக்கல் என்பது தெளிவு. எழுத்து இல்லையேல் இஃது ஒரு கருங்கல். எழுத்து இருத்தலால் ஒரு தொழிலாளியின் கை. பத்தரை மாற்றுத் தங்கம் என்று நாம் கூறும் 'மாற்று' என்னும் சொல்லே மலாய் மொழியில் 'முத்து' என ஒலி திரிந்து, பொன்னின் தரத்தையும், பின்னர் எப்பொருளின் தரத்தையும் குறிக்கலாயிற்று. பத்தரின் கல் இங்குத் தங்கியது. கல்லோடு புழங்கிய சொல்லும் இங்குத் தங்கிவிட்டது.

மூன்றாவது சான்று யாவரும் அறிந்த கப்பல் மணி. நியூசிலாந்தின் வட பகுதியில், வாங்காரேக்கு அண்மையில், 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார் மவோரிப் பெண்டிர் உருளைக்கிழங்கு வேகவைக்கும் வெண்கலக் கலம் ஒன்றைக் கண்டார். அது கலமன்று, விளிம்பு உடைந்த மணியின் மேற்பகுதி. அதில் தமிழ் எழுத்துகள் இருந்தன. முகையதீன் பக்சு என்பாருடைய கப்பல் மணி என்பது அதன் கருத்து. இன்று வெல்லிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகம் அதனைத் 'தமிழ் மணி' என்னும் பெயரிலேயே காத்து வருகிறது.

இம்மணியைப் பற்றித் தமிழர் எழுதியவற்றுள் பெரும்பகுதி ஒரே முடிவை நோக்கி ஓடுகிறது: ஐரோப்பியருக்கு முன்னரே தமிழர் நியூசிலாந்தைக் கண்டனர் என்பது அம்முடிவு. இது மணி கூறாத செய்தி. மணி தன் உரிமையாளரின் பெயரைக் கூறுகிறது. தான் ஒரு கப்பலுக்கு உரியது என்பதைக் கூறுகிறது. அக்கப்பல் நியூசிலாந்தை அடைந்ததா, சிதைந்த கலம் நீரோட்டத்தில் மிதந்து வந்ததா, பிற மாலுமிகளின் கைப்பட்டு வந்ததா என்பன பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பெருமை தேடும் வேகத்தில் நாம் கைவிட்ட செய்திகளோ பல. தமிழ் முசுலிம் வணிகர் தம் கப்பலின் உடைமைக் குறியைத் தமிழில் பொறித்தனர் என்பது ஒன்று. உடைந்த மணியை மவோரி மகளிர் எறிந்துவிடாமல், கவிழ்த்துக் கலமாக்கி அடுப்பில் ஏற்றினர் என்பது மற்றொன்று. கடலில் ஒலித்ததும் வரலாறு. கிழங்கை வேகவைத்ததும் வரலாறு. முன்னதை மட்டும் பேசிப் பின்னதை இகழ்வது வரலாறு ஆகாது.

இம்மூன்று பொருள்களும் எழுத்துடைமையால் பிழைத்தன. எழுத்தில்லாப் பொருள்களின் நிலை யாது? கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகம் கெண்டிகளின் தொகுப்புக்குப் புகழ் பெற்றது. கழுத்தைப் பிடித்து, மூக்கின் வழியே நீர் வார்க்கும் கலம் கெண்டி. அக்கலங்களைப் பற்றிக் கூ ஜூ ஈ எழுதிய ஆங்கில நூல் 1991இல் வெளிவந்தது. இத்தகைய கலங்களை மண், மெருகு, செய்த நாடு, காலம் என்னும் முறையில் வகுப்பது கலை வரலாற்றார் மரபு. அம்முறை வேண்டுவதே. ஆயினும், மலாய் மொழியில் 'கெண்டி', தமிழில் கெண்டி, மலையாளத்தில் கிண்டி என ஒரு பெயர் கடலின் இருகரையிலும் வழங்குவதைத் தமிழ் மாணவனுக்கு எடுத்துரைப்பவர் யார்? 'குண்டிகை' என்னும் வடசொல்லோடு அதற்குள்ள தொடர்பைக் காட்டி, விருந்தினர்க்கு நீர் வார்த்த கைகளை நினைவூட்ட வேண்டியவர் தமிழாசிரியரே.

இனி, கிள்ளானுக்கு வருவோம். கிள்ளானில் 1857ஆம் ஆண்டு கட்டப்பட்ட கெடோங் ராஜா அப்துல்லா ஒருகால் ஈய அருங்காட்சியகமாக விளங்கியது. ஈயத்திற்கு ஒரு வீடு கிடைத்தது, அது தக்கதே. ரப்பரின் வரலாறோ 1877இல் கோலாகங்சாரில் நட்ட கன்றுகளோடு தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்து அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும் வரை கப்பல் கப்பலாகத் தமிழர் வந்து அம்மரங்களை வளர்த்தனர். கிள்ளானைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அத்தோட்டங்களை விட்டு வந்தோரும் அவர்தம் மக்களும் கிள்ளான் வட்டாரமெங்கும் வாழ்கின்றனர்.

நகருக்கும் துறைமுகத்துக்கும் அருகே அமைந்த பண்டமாரான் போன்ற ஊர்களில், வீட்டின் பின்புறத்தில் பழைய வாளி ஒன்று கிடக்கக்கூடும். அதில் இன்று பூச்செடி வளரலாம். அது ஒருகால் பால் சுமந்த வாளி. அதனை இணையாகத் தோளில் தாங்கிய கழி 'காண்டா'. மரத்தடியில் பாலை ஏந்திய கிண்ணம் 'மங்கு'. கிண்ணத்தில் உறைந்தது 'கட்டிப்பால்'. வெட்டிய கோட்டில் ஒட்டி உலர்ந்தது 'ஒட்டுப்பால்'. விடியுமுன் ஆட்கணக்கு எடுக்கக் கூடுவது 'பெரட்டு'. ஒட்டுப்பாலை இழுத்தெடுத்த விரல்களுக்கு உரியவர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர் மறைந்தபின் வாளி எஞ்சலாம். அதன் பெயர் எஞ்சாது. தொல்லியலார் ஓடு தேடி எகிப்து வரை செல்கின்றனர். இங்கோ பெயரைக் கேட்க அடுத்த வீட்டிற்குச் சென்றால் போதும்.

தமிழன்பர் சிலர் ஈண்டு ஒரு தடை எழுப்பக்கூடும். மங்கு மலாய்ச் சொல்லாகிய 'மங்கோக்' என்பதன் திரிபு; காண்டா 'கண்டார்' என்பதனோடு உறவுடையது; பெரட்டு ஆங்கிலச் சொல்லின் சிதைவு. இவற்றை நீக்கிப் 'பால் ஏந்தும் கிண்ணம்', 'சுமைக்கழி' என்று எழுதுவதன்றோ தமிழுக்கு அழகு என்பர். மேடையிலும் பாடநூலிலும் நல்ல தமிழ் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின், பொருட்குறிப்புச் சீட்டு மேடையன்று, அது சான்று. சான்றைத் திருத்துதல் சான்றை அழித்தலேயாகும். தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லுக்கும் இடம் தந்தார். தமிழுக்குச் சொல் வழங்கிய பிறநாடுகளை எண்ணும் பழம்பாடலில் சாவகமும் கடாரமும் இடம் பெற்றுள்ளன. கடாரத்துச் சொல்லை ஏற்ற இலக்கண மரபு மங்கினைக் கண்டு மருளாது. மங்கு என்று முதலில் எழுதி, அதன் பிறப்பைக் காட்டி, பால் ஏந்தும் கிண்ணம் என்பதை விளக்கமாகத் தருவதே முறை. 'பானை ஒறி' கற்பிக்கும் பாடமும் இதுவே.

வேறு சிலர், இத்தகைய பொருள்களைக் காக்கத் தேசிய அருங்காட்சியகம் உள்ளதே என்பர். அது 1963 ஆகஸ்டு 31இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அவ்விடத்தில் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகம் 1945 மார்ச்சுத் திங்களில் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. கல்லால் கட்டிய அகமும் அழியும் என்பதை இது காட்டும். ஒரே இடத்தில் குவித்து வைப்பதனால் மட்டும் காவல் நிறைவதில்லை. மேலும், தமிழ் வீட்டில் வழங்கிய பெயரைத் தமிழ் அறியாத அலுவலர் எங்ஙனம் பதிவார்? அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. பெயரை எழுதிக் கொடுக்கும் கடமை அப்பெயரை அறிந்தவர்க்கே உரியது.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு நிலைப்பேழையும் ஓர் ஏடும் போதும். மாணவன் தன் பாட்டியிடம் கேட்டு வரட்டும். பொருளின் பெயர் யாது, அவர் ஒலித்தவாறே எழுதுக; எந்த வேலைக்கு ஆண்டார்; யாரிடம் கற்றார்; உடைந்தபின் வேறு எதற்குப் பயன்பட்டது. இந்நான்கு வினாக்களுக்கும் விடை எழுதப்பட்ட வாளி, விடை எழுதப்படாத பொன்முடியினும் மேலானது. திவாகரர் பெயர்களைத் தொகுத்தார். அவர் காலத்துப் பொருள்களோ அவரோடு நில்லாது மறைந்தன. நம் தலைமுறைக்கு இரண்டும் கையெட்டும் தொலைவில் உள்ளன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை இழந்தோம் என்னும் பழி நம்மைச் சாராதவாறு காப்பது தமிழாசிரியர்தம் கடன்.