ஜோர்ஜ் அழகையாவும் ஒரு கூச்சச் சிரிப்பும்

2023 ஜூலை 24 அன்று பிபிசி செய்தியாளர் ஜோர்ஜ் அழகையா இறந்தபோது நம் புலனக் குழுக்களில் சுற்றியது ஒரே வரிதான்: 'நம்ம தமிழர்.' கொழும்பில் பிறந்தவர், பிபிசியில் ஆறு மணிச் செய்தி வாசித்தவர், ஓபிஇ விருது பெற்றவர். சரி, பெருமைதான். அவர் எழுதியதில் எதைப் படிச்சீங்க என்று கேட்டால் குழு கப்சிப். பினாங்கில் யாராவது படித்திருந்தால் அது அனைத்துலகப் பள்ளிப் பிள்ளைகளாகத்தான் இருக்கும். 'எ பேசேஜ் டு ஆப்பிரிக்கா' (2001) நூலின் ஒரு பகுதி எடெக்செல் ஐஜிசிஎஸ்இ ஆங்கிலத் தொகுப்பில் இருக்கிறது.

வாழ்க்கைக் கதை தெரிந்ததே. 1955இல் பிறப்பு. அப்பா பொறியாளர். சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு தமிழர்களுக்குக் கதவுகள் சாத்தப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1961இல், குடும்பம் கானாவுக்குப் போனது. பிறகு இங்கிலாந்தில் படிப்பு, 'சவுத்' இதழில் வேலை, 1989இல் பிபிசி. சோமாலியா, ருவாண்டா, கொசோவோ என்று அலைச்சல்.

2006இல் வந்த 'எ ஹோம் ஃப்ரம் ஹோம்' எனக்கு ஒட்டவில்லை. குடியேறியவர்கள் தனித்தனித் தீவுகளாக வாழ்வதைக் குறைப்பட்டுக்கொள்ளும் புத்தகம் அது. தமிழ்ப்பள்ளி எதற்கு என்ற கேள்வியைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் நெருடும்.

ஆனால் அந்தச் சோமாலியப் பகுதி வேறு. 1991 கடைசியிலிருந்து 1992 டிசம்பர் வரை பஞ்சத்தில் கிடந்த அந்த நாட்டில் அவர் சுற்றியிருக்கிறார். உலுக்குகிற படம் தேடி அலைவதுதான் தங்கள் வேலை என்று ஒளிக்காமல் சொல்கிறார். நேற்று உலுக்கியது இன்று போதாது, போதைப்பழக்கம் மாதிரி. சொல்லிவிட்டு அதையே எழுத்திலும் செய்கிறார்: பசியில் செத்த குழந்தை, அழுகும் காயம், நாற்றம். முதலில் படித்தபோது எரிச்சலாக இருந்தது. கேமரா செய்வதையே இவரும் செய்கிறாரே! இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அது நமக்கு வைத்த பொறி என்று புரிந்தது. அடுத்து என்ன கோரம் என்று நாமும் தேடத் தொடங்கியிருப்போம்.

அப்போது ஒரு மனிதரின் முகம் தெரிகிறது. ஒரு கணம் சிரித்துவிட்டு மறைந்துபோகிறார். வரவேற்கிற சிரிப்பு இல்லை, சந்தோஷமும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் விசாரித்து வந்து விளக்குகிறார்: இந்த நிலையில் தன்னைப் பிறர் பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. வீட்டைக் கூட்டாமல் கிடக்கும்போது விருந்தாளி வந்து நின்றால் நாம் சிரிப்போமே, அதுதான். பார்க்க வந்தவர் சட்டென்று பார்க்கப்படுகிறவர் ஆகிவிடுகிறார்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதே பகுதியில் இறந்த சிறுமிக்குப் பெயர் இருக்கிறது, அவள் தாய்க்கும் இருக்கிறது. தன்னைப் புரட்டிப்போட்ட மனிதரின் பெயரை மட்டும் அழகையா கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொள்ளவில்லை என்பதை அவரே எழுதி, அந்த மனிதரை நோக்கிப் பேசி முடிக்கிறார். நேர்மைதான். இருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலேயே நின்றாரே, இன்னொரு கேள்வி கேட்க எவ்வளவு நேரமாகியிருக்கும்?

இந்தச் சிரிப்பை நான் சோமாலியாவில் பார்க்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வாருங்கள். கீழ்த்தளத்தில் பேனர் கட்டி, அரிசி, எண்ணெய், மைலோ போட்ட ஹேம்பரை ஒய்பி ஒரு பக்கம் பிடித்திருப்பார், மறுபக்கம் ஒரு பாட்டி. 'அம்மா, இங்க பாருங்க' என்பார் கைப்பேசி வைத்திருக்கும் தம்பி. படம் சரியாக வரவில்லை என்றால் ஹேம்பர் திரும்ப ஒய்பி கைக்குப் போய், மறுபடியும் பாட்டிக்கு வரும். பாட்டி சிரிப்பார். மறுநாள் அந்தப் படம் முகநூலில் வரும்போது ஒய்பி பெயர் பட்டத்தோடு இருக்கும். பாட்டி வெறும் 'பெறுநர்'.