குளிரா, சபைக் கூச்சமா?

மார்கழி மாதத்தில், பொழுது சாய்ந்து ஏரியின் மேல் பனி இறங்கத் தொடங்கியிருந்த வேளையில், கோடைக்கானலில் ஒரு சிறு மண்டபத்தின் மூன்றாம் வரிசையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே, கிட்டாரை மடியில் சாய்த்து வைத்திருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் உள்ளங்கைகளைத் தேய்ப்பதும், வாயருகே கொண்டுபோய் ஊதுவதும், மறுபடி தேய்ப்பதுமாக இருந்தான். "பாவம், பயப்படுகிறான்" என்றார் பக்கத்திலிருந்த நண்பர். "இல்லை, குளிர்" என்றேன் நான். எங்களில் யார் சொன்னது சரி என்பது அந்தப் பையனுக்கே தெரிந்திராது என்று இப்போது தோன்றுகிறது.

ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள இந்த ஊரில், டிசம்பர் இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, உடம்பு தன் உஷ்ணத்தை உள்ளே காத்துக்கொள்வதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. சபையைக் கண்டு மனம் கலங்கும்போதும், அட்ரினலின் என்னும் சுரப்பு ரத்தத்தில் கலந்து அதே காரியத்தைச் செய்கிறது. விரல் நுனி சில்லிடுவதும் லேசாக நடுங்குவதும் இரண்டுக்கும் பொது. ஆனால் குளிருக்கு யாரும் வெட்கப்படுவதில்லை. கூச்சத்துக்கோ வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தினாலேயே அதை இரு மடங்காக்கிக்கொள்கிறோம். ஆகவே, சபையில் வாசிக்கப் புகுபவர் தம் கூச்சத்தையும் ஒருவகைக் குளிராகவே பாவித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். கேட்க வந்தவர்களும் அப்படியே பாவித்தால், அவர்கள் ரஸிப்பதற்கு அதில் எவ்வளவோ இருக்கிறது.

கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வரும் உபத்திரவம் அன்று இது. அவையஞ்சாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், போர்க்களத்தில் உயிர்விடத் துணிந்தவர்கள் எளிதில் கிடைப்பார்கள், அவையில் அஞ்சாதவர்கள்தாம் அரியவர்கள் என்று கண்டு சொல்லிவிட்டார். 1901-இல், கலிபோர்னியாவில் ஒரு மலையில், செல்லோ மேதை பாப்லோ கஸால்ஸின் இடக்கை விரலை உருண்டு வந்த பாறை ஒன்று நசுக்கிவிட்டது. நசுங்கிய விரலைப் பார்த்ததும் தம் உள்ளத்தில் முதலில் எழுந்தது, இனிமேல் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்! விரல் குணமாயிற்று, கூச்சம் குணமாகவில்லை. அதைக் கூடவே வைத்துக்கொண்டு, 1971-இல், 94-ஆம் வயதில், ஐக்கிய நாடுகள் சபையிலும் அவர் வாசித்தார்.

கேட்க வருகிறவர் முதலில் செய்யவேண்டியது, சுருதி சேர்க்கும்போது பேசாமலிருப்பது. மலைக் குளிரில் கொண்டுவந்த கிட்டாரை, கணப்பு எரிகிற அறைக்குள் வைத்ததும், இரும்புத் தந்தி சூட்டில் சற்றே நீண்டு சுருதி இறங்கிவிடுகிறது. வீணைக்காரர் பிரடையைத் திருகுவதுபோல் இவரும் சாவியைத் திருகியாக வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தில் தந்தி மட்டும் சேருவதில்லை. வாசிப்பவரின் மூச்சும் சேருகிறது. அவர் மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீண்டுகொண்டே போவதைக் கவனித்தீர்களானால், நல்ல கச்சேரிக்கு வந்திருக்கிறோம் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காரலாம்.

அடுத்தது காலப்பிரமாணம். ஹிருதயம் துரிதமாக அடிக்கும்போது, வீட்டில் நிதானமாக வந்த உருப்படி சபையில் ஓடத் தொடங்கும். மிருதங்கக்காரர் பக்கத்திலிருந்தால் பிடித்து நிறுத்துவார். தனிக் கிட்டாருக்கு அந்தத் துணை கிடையாது. அப்போது மேல் தந்திகளின் ஒலி மெலிந்து, நகம் உராயும் சப்தம் கேட்கும்; இடக்கை அவசியத்துக்கு மேல் அழுத்துவதால், இடம் மாறும்போதெல்லாம் கம்பி சுற்றிய தடித்த தந்திகள் கிறீச்சிடும். நான் அந்தச் சமயத்தில் கட்டை விரலை மட்டும் கேட்பேன். மந்தர ஸ்தாயியில் அது போடும் நடை நிலைத்துவிட்டால், மற்ற விரல்கள் இரண்டொரு ஆவர்த்தனத்தில் தாமாக வழிக்கு வந்துவிடும். கலக்கம் தெளிவாக மாறுகிற அந்த இடத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பதைப்போல் சுகமான ரஸானுபவம், பிழையே இல்லாத வாசிப்பில்கூட எனக்குக் கிட்டியதில்லை.

நம் காதுகளுக்குக் கிட்டாரைப் பழக்கியவை பெரும்பாலும் சினிமாப் பாட்டுகள். இந்த மலைக்குத் தெற்கே, தேனிச் சீமையின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார்ப் பரீட்சையில் தேறியவர். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் வரும் கிட்டார், தமிழ்நாட்டில் எத்தனை பிள்ளைகளை அந்த வாத்தியம் வாங்க வைத்ததோ! ஆனால் அது ஒலிப்பதிவுக் கூடத்தில், சபை என்று ஒன்று இல்லாத இடத்தில், பிசகினால் மறுபடி வாசிக்கும் வசதியோடு பிறந்த நாதம். அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு, மார்பில் கை கட்டி முதல் வரிசையில் அமரும் நிபுணரைக் காட்டிலும் இசைக்குப் பெரிய சத்துரு கிடையாது. கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிப்பவர் அவருக்கு அடுத்தபடி.

வாசிப்பவருக்கும் ஒரு வார்த்தை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையில் முதலில் வர்ணம் வருகிறதே, அது சபையோருக்கு மட்டும் உபசாரம் அன்று. எண்ணற்ற தடவை அப்பியாசம் செய்து கையிலும் தொண்டையிலும் ஊறிப்போன ஒன்றின் மேல் ஏறி வித்வான் சபைக்குள் நுழைகிறார். கிட்டார் வாசிப்பவரும் கஷ்டமான உருப்படியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளட்டும். நானும் ஒரு காலத்தில் கடினமானதையே முதலில் வாசித்து, பாதியில் மறந்து, திரும்பித் தொடங்கி, அதே இடத்தில் மறுபடி மறந்தவன். மற்றபடி, மேடையேறுமுன் வெந்நீரில் கை நனைக்கலாம். இவ்வூருக்குப் பக்கத்திலுள்ள வட்டக்கானலில் இரவு நெருப்பைச் சுற்றி அமரும் அந்நியர்களிடையே நாலு நாள் வாசித்துப் பழகலாம். பிசகின ஸ்வரத்தைத் தேடிக்கொண்டு மட்டும் திரும்பிப் போகலாகாது. அது பிசகு என்பது பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கு அந்தப் பையன் முதல் உருப்படியில் ஓடினான். இரண்டாவதில் ஓரிடத்தில் விரல் தவறி, தானே சிரித்துக்கொண்டான். மூன்றாவதில் என் நண்பர் தம்மை அறியாமலே சால்வையை நழுவவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கச்சேரி முடிந்து ஏரிக்கரைக்கு வந்தபோது, சுட்ட சோளக்கதிர் விற்கும் தள்ளுவண்டியருகே அவனைப் பார்த்தோம். பனி முன்னிலும் கடுமையாக இருந்தது. கையுறை இரண்டும் சட்டைப் பையிலிருந்து தொங்க, வெறுங்கையில் கிட்டார்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வண்டிக்காரரோடு விலை பேசிக்கொண்டு நின்றான்.