கண்டி வட்டாரப் பொறிவரைவு மரபும் அதன் நியமங்களும்

கண்டி வட்டாரத்துப் பொறிவரைவு மரபை இரு பள்ளிகளாகப் பகுத்து நோக்குவதே பொருத்தமாகும். 1854 இல் ஜோன் வோக்கர் கண்டியில் தொடங்கிய நிறுவனத்தில் வேர்கொண்டு, கோப்பிப் பழத்தின் தோல் நீக்கும் பொறிகளிலிருந்து தேயிலை ரோலர் வரை வளர்ந்தது பட்டறைப் பள்ளி. 1950 இல் பேராசிரியர் இ. ஓ. ஈ. பெரேராவின் தலைமையில் கொழும்பில் உருவாகி, 1964 இல் பேராதனைக்குப் பெயர்ந்த பொறியியற் பீடத்தில் தழைத்தது வரைகூடப் பள்ளி. 

1927 இல் முதலில் வெளிவந்த பிரித்தானிய நியமம் பீ. எஸ். 308 வழிவந்த வரைவொழுங்கில் முதற்கோண எறியமே நெடுங்காலம் பயின்று வந்தது. பார்ப்பவருக்கும் எறிதளத்துக்கும் இடையே பொருள் நிற்பதாகக் கொள்ளும் இம்முறையில் கிடைப்படம் முகப்புத் தோற்றத்தின் கீழேயும், மூன்றாம் கோண முறையில் மேலேயும் அமையும். எம்முறை என்பதைக் காட்டும் வெட்டுக்கூம்புக் குறியீடு தலைப்புக் கட்டத்தில் விடுபட்டால், இடப்புறம் இருக்கவேண்டிய பிடிப்பு வலப்புறமாக வார்க்கப்பட்டுவிடக்கூடும்.

பேராதனை வரைகூடப் பள்ளியின் தனிச்சிறப்பு கோட்டொழுக்கமும் பொறுதியுமாகும். புலப்படும் விளிம்புக்குத் தடித்த தொடர்கோடும், மறைந்த விளிம்புக்குச் சிறுகீற்றுக் கோடும், அச்சுக்கு மெல்லிய சங்கிலிக் கோடும் இடுவதும், வெட்டுமுகத்தில் தண்டும் சாவியும் நெடுக்காக வெட்டுண்டாலும் அவற்றுக்குச் சாய்கோடு இடாமல் விடுவதும் வரைகூடத்து ஆசிரியர்கள் சிறிதும் தளர்த்தாத விதிகள். பொறுதி என்பது குறித்த அளவிலிருந்து உறுப்பொன்று விலகுவதற்கு அனுமதிக்கப்படும் எல்லை. 50 மி.மீ. விட்டமுடைய தண்டொன்று புஷ்ஷினுள் இலகுவாகச் சுழல வேண்டுமாயின், துளைக்கும் தண்டுக்கும் பொறுதி வகுக்கும் எச்7/எஃப்7 பொருத்தின்படி துளை 50.000 முதல் 50.025 வரையும், தண்டு 49.950 முதல் 49.975 வரையும் இருக்கலாம். ஆகவே இடைவெளி 0.025 மி.மீ.க்குக் குறையாது, 0.075 மி.மீ.ஐ மிஞ்சாது. அவ்வெல்லைக்குள் எண்ணெய்ப் படலம் நிலைக்கிறது, தண்டும் தள்ளாடுவதில்லை.

இன்று கணினியில் வரைவோர் பலரின் திறமை மெச்சத்தக்கதே; எவரையும் குறைகூறுதல் இங்கு நோக்கமன்று. ஆயினும் எல்லா அளவுக்கும் மூன்று தசமதானம் இட்டு, ஒன்றுக்கேனும் பொறுதி குறிக்காத தாள்கள் பட்டறைகளுக்கு வருகின்றன. எந்த முகத்திலிருந்து அளப்பதென்பதைச் சுட்டும் ஆதாரத் தளமும் அவற்றில் இல்லை. கடைசற்காரர் தம் அனுபவத்தால் ஊகித்துப் பொருத்துகிறார். அவர் ஓய்வுபெற்றதும் அடுத்த உறுப்பு பொருந்த மறுக்கிறது. பழுதடைந்த தேயிலைப் பொறி நின்றுவிட, கொழுந்து வாடித் தேங்க, ஈற்றில் வெளிநாட்டு உதிரிப்பாகத்துக்குப் பணம் செல்கிறது. வரைதாளில் தொடங்கும் இந்த அசட்டை தொழிலின் மானத்தையும், நாட்டின் தற்சார்பையும், கற்பித்த ஆசிரியரின் உழைப்பையும் ஒருங்கே அழிக்கிறதென்பது மிகைக்கூற்றன்று.

ஹந்தானை தேயிலை நூதனசாலையிலுள்ள பழைய பொறிகளின் முன் மாணவரை நிறுத்தி, ஓர் உறுப்பையேனும் அளந்து, எறியக் குறியீடும் ஆதாரத் தளமும் பொறுதியும் இட்டு வரையச் செய்யும் பொறுப்பை எமது சங்கம் ஏற்றல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத தாளில் சங்கத்தின் மூத்த அங்கத்தவர் எவரும் ஒப்பமிடலாகாது.